தாசில்தாருக்கு ஒரு துண்டு கடலைமிட்டாய்

நாய்க்குட்டியை மடியிலயே வச்சுக்கிடுங்கம்மா. கண்டக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. போன வாரம் இதே பஸ்ஸுல ஒருத்தர் சேவலைக் கொண்டாந்தாரு, அது எறங்குற வரைக்கும் கூவிக்கிட்டே வந்துச்சு. இது பாவம், வாயே தொறக்கல. வாசமா வேற இருக்கான். குளிப்பாட்டி, நகம் வெட்டி, கழுத்துல ரிப்பன் எல்லாம் கட்டி, மாப்பிள்ளை மாதிரியில்ல கூட்டிட்டு வாரீங்க. பேரு என்ன? பிஸ்கெட்டா? நல்ல பேருதான்.

போட்டோ எடுக்கவா?

எங்க, கோவில்பட்டியிலயா? மாடிப்படி ஏறிப் போகணுமே, இன்பராசு தம்பி ஸ்டுடியோ, அங்கயா?

சரி சரி. இல்லம்மா, ஒண்ணுமில்ல. நானும் அங்கதான் போறேன். கீழ படிக்கட்டுப் பக்கத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள அந்தத் தம்பி எடுத்த போட்டோவையெல்லாம் மாட்டியிருக்கும். நடுவுல பெருசா ஒரு ஆட்டுக்கிடா படம் இருக்கும் பாருங்க. உடம்பெல்லாம் தண்ணி தெறிச்சு, வைரம் சிதறுன மாதிரி. அது எங்க ஆடு. அந்தப் படத்தைக் கழட்டிருங்க தம்பின்னு சொல்லத்தான் போறேன். இது மூணாவது தடவை. ரெண்டு தடவை படிக்கட்டு வரைக்கும் போயிட்டு, பார்த்துட்டு, அப்படியே திரும்பி வந்துட்டேன்.

சிரிக்கீங்களா? சிரிங்க, பரவாயில்ல. ஆட்டுக்குப் போட்டோவான்னு எங்க ஊரே சிரிச்சுச்சு.

பால்கன்னிக் கிடாம்மா. உடம்பு முச்சூடும் கருப்பு, மூஞ்சியில மட்டும் ரெண்டு பக்கமும் கண்ணுக்கு மேல இருந்து மூக்கு வரைக்கும் வெள்ளைக்கோடு. பேரு தாசில்தார். எம்மக தர்ஷினி வச்ச பேரு. எந்தக் காகிதத்தைக் கண்டாலும் வாயில போட்டுக்கிடும், உள்ள போன காகிதம் திரும்பி வராது. அதனால தாசில்தார். எங்க ரேசன் கார்டுல ஒரு மூலையைக் காணோம், அவர் கையெழுத்துதான் அது.

ஆனா செல்லத்துக்கு வாங்குன ஆடு இல்ல. அதைச் சொல்லிறணும். நேந்துக்கிட்ட ஆடு. தர்ஷினிக்கு ஒம்பது வயசுல ஒரு காய்ச்சல் வந்துச்சு. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில கண்ணைத் தொறக்காமக் கெடந்தா. நான் வராந்தாவுல உக்காந்துக்கிட்டு, எங்க குலசாமி மாடனுக்கு நேந்தேன். மாடா, எம்புள்ளையை எந்திரிக்க வையி, உனக்கு ஒரு கருங்கிடா தாரேன்னு. பன்னெண்டாம் நாள் எந்திரிச்சு உக்காந்து கஞ்சி கேட்டா. இப்ப பாருங்க, ஏழாவது படிக்கா, என் தோளுக்கு வந்துட்டா. சொன்ன சொல்லை மாடன் காப்பாத்திட்டான். நான்தான் காப்பாத்தணும்.

உங்க பக்கம் கிடா வெட்டு உண்டுமா? இல்லையா? அப்ப ஒண்ணு சொல்லணும், இல்லாட்டி நான் சொல்லப் போறது உங்களுக்கு வெளங்காது. கிடாயைக் கொண்டுபோய் நிறுத்துன உடனே வெட்டிற முடியாதும்மா. மாலையைப் போட்டு, சாமியாடி செம்புல மஞ்சத்தண்ணி எடுத்து அது முதுகுல தெளிப்பாரு. ஆடு உடம்பைச் சிலுப்பணும். தலையில இருந்து வால் வரைக்கும் ஒரு சிலுப்பு. சிலுப்புனா சாமி உத்தரவு குடுத்தாச்சு. சிலுப்பலைன்னா இல்ல. மூணு தடவை தெளிச்சுப் பார்ப்பாங்க. அப்பவும் மரம் மாதிரி நின்னா அவுத்துக் கூட்டிட்டுப் போயிறணும், அடுத்த வருசம் வரணும்.

சில கோயில்ல ஆடு சிலுப்பணும்னு காதுல ஒரு சொட்டு தண்ணி விட்டுருவாங்க. காதுல தண்ணி போனா எந்த ஆடும் சிலுப்பத்தான் செய்யும். எங்க கோயில்ல அது ஆகாது. கள்ள உத்தரவுன்னு சொல்லுவாங்க. காதை ரெண்டு கையால பொத்திக்கிட்டுத்தான் முதுகுல தெளிப்பாங்க. அவ்வளவு சுத்தம்.

மொத வருசம் தாசில்தார் சிலுப்பல. மூணு தடவையும் நின்னது நின்ன மாதிரி நின்னு, சாமியாடி கழுத்துல கெடந்த மாலையைத் திங்கப் பார்த்துச்சு. சின்னக் குட்டிதானே, அடுத்த வருசம் பார்ப்போம்னு எங்க வீட்டுக்காரரு சொல்லிட்டாரு. தர்ஷினிக்கு வாயெல்லாம் பல்லு. மாடனுக்கே தாசில்தாரைப் பிடிச்சுப்போச்சும்மா, அதான் வேண்டாங்கான்னா. அன்னையில இருந்துதான் அது செல்லமாச்சு. இவ சோறு அதுக்கு, அது திங்குற கொழை இவ தலையில.

ரெண்டாவது வருசமும் சிலுப்பல. அப்பத்தான் பேச்சு வந்துச்சு. எனக்கு மூத்த ஓரகத்தி, வேலம்மா அக்கான்னு. நல்லவதான், கெட்டவன்னு சொல்ல மாட்டேன். ஆனா வாயில வந்ததைப் பொங்கப்பானைக்கு முன்னால நின்னு சொல்லுற ஆளு. "ஆட்டுல என்ன குறை? நேந்தவ மனசுல குறை இருந்தா மாடன் எப்படி வாங்குவான்?"னு சொல்லிட்டா. நூறு பேரு இருக்காங்கம்மா. எங்க வீட்டுக்காரரு கீழ குனிஞ்சு துண்டை மடிச்சுக்கிட்டு இருக்காரு. 

அதுக்குப் பெறவு தர்ஷினிக்கு ஒரு தும்மல் வந்தாலும் எல்லாரும் என் மூஞ்சியைத்தான் பார்ப்பாங்க. சளி பிடிச்சா என்னாலதான். கணக்குல மார்க்கு கொறைஞ்சா என்னாலதான். சொல்ல மாட்டாங்க. பார்ப்பாங்க. நான் என்ன குறை வச்சேன்? ராத்திரி பகலா யோசிச்சுப் பார்க்கேன், ஒண்ணும் அகப்படல. ஒருவேளை ஆஸ்பத்திரியில நேந்தப்ப செருப்பு போட்டிருந்தேனோன்னு கூட யோசிச்சேன்.

இதையெல்லாம் எதுக்குச் சொல்லுதேன்? போட்டோவைல்ல சொல்ல வந்தேன்.

தை மாசம் தர்ஷினி பள்ளிக்கூடம் விட்டு வரையில அந்த ஸ்டுடியோ போர்டைப் பார்த்துட்டா. செல்லப்பிராணிகளைப் படம் எடுக்கோம்னு போட்டிருக்கு. நாய், பூனை, முயல்னு படம் போட்டிருக்கு. மாடியேறிப் போயி, ஆடு உண்டுமான்னு கேட்டிருக்கா. அந்தத் தம்பிக்கு ஒரே சந்தோசம். இது வரைக்கும் ஒருத்தரும் ஆட்டைக் கொண்டு வரலையாம். பத்து நாள் பழக்கிக் கூட்டிட்டு வாங்கன்னு ஒரு காகிதத்துல எழுதிக் குடுத்துவிட்டான். அந்தக் காகிதத்தையும் தாசில்தார்தான் தின்னாரு, அதுக்குள்ள தர்ஷினி மனப்பாடம் பண்ணிட்டா.

உங்களுக்கும் அதே காகிதம்தான் குடுத்திருப்பான். வெளிச்சத்துக்குப் பழக்கணும், அசையாம நிக்கப் பழக்கணும், புது எடத்துல மெரளாம இருக்கணும். நாங்களும் செஞ்சோம்மா. தெனமும் டார்ச்சு அடிச்சு அடிச்சு அதோட கண்ணு கூசாமப் பழக்குனோம். வீட்டுக்குள்ள வெள்ளை வேட்டியை விரிச்சு அது மேல நிக்க வச்சோம். கொம்புக்கு வேப்பெண்ணெய், கால் கொளம்பை ரெண்டு பக்கமும் சீவி, சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டி... எங்க வீட்டுக்காரரு சொன்னாரு, உன்னைப் பொண்ணு பார்க்க வந்தன்னைக்குக் கூட உங்க வீட்டுல இவ்வளவு சீயக்காய் செலவாயிருக்காதுன்னு.

கடைசியா ஒண்ணு எழுதியிருந்தான். தண்ணி தெளிச்ச உடனே ஆடு சிலுப்பணும், அந்தத் தெறிப்புதான் படம்னு. அந்தப் படத்தைத்தான் அவன் பெருசா மாட்டப்போறேன்னு சொல்லியிருக்கான்.

தர்ஷினி தண்ணியைத் தெளிச்சுப் பார்த்தா. நம்ம ஆளு நிக்காரு. அரை வாளி ஊத்துனா. அப்பவும் நிக்காரு. "மாடன் முன்னாலயே சிலுப்பல, உனக்கா சிலுப்பப் போறான்?"னேன். அவளுக்கு மூஞ்சி சுருங்கிப்போச்சு. புள்ளை மூஞ்சி சுருங்குனா நான் தாங்க மாட்டேன்ம்மா. பதினோரு நாள் அந்த மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு உக்காந்தவ.

அதனால நான்தான் காட்டிக் குடுத்தேன். ஒரு சொட்டு தண்ணியை விரல்ல எடுத்துக் காதுக்குள்ள விட்டேன். ஒரு சிலுப்பு சிலுப்புச்சு பாருங்க! ரெண்டு பேரும் நனைஞ்சுட்டோம். உடனே ஒரு துண்டு கடலைமிட்டாயை உள்ளங்கையில வச்சு நீட்டுனேன். எங்க ஊர்ல தண்ணி இல்லாத வீடு இருக்கும், கடலைமிட்டாய் இல்லாத வீடு இருக்காது. தாசில்தாருக்கு அதுன்னா உசுரு. நாக்கை வச்சுத் தடவி, உள்ளங்கை உப்பு வரைக்கும் நக்கிட்டுத்தான் கையை விடும்.

அம்புட்டுதான். முதுகுல தண்ணி, காதுல சொட்டு, சிலுப்பு, மிட்டாய். நாலு நாள்ல காதுல விட வேண்டிய வேலையே இல்லாமப் போச்சு. முதுகுல தண்ணி பட்டாலே சிலுப்பும், சிலுப்பிட்டு நேரா என் வலது கையைப் பார்க்கும். ஆடு முட்டாள்னு எவன் சொன்னான்? அஞ்சாம் நாள்ல இருந்து, நான் கையைத் தண்ணியில முக்குனாலே தயாராயிரும்.

படம் எடுத்தோம். அன்னைக்கு ஸ்டுடியோவுல ஒரே சிரிப்பு. தம்பி பீச்சாங்குழல் மாதிரி ஒண்ணை வச்சுத் தண்ணி அடிக்கான், தாசில்தார் சிலுப்புதாரு, லைட்டு மின்னுது. படத்துல அது கண்ணு கேமராவைப் பார்க்காது, கவனிங்க. ஒரு பக்கமாப் பார்க்கும். அங்கதான் நான் நின்னேன். என்ன பாசமாப் பார்க்குது பாருங்கக்கான்னு அந்தத் தம்பி சொன்னான். பாசமா? மிட்டாயைப் பார்த்துச்சு. இல்ல, பாசமும் இருந்திருக்கும், இல்லன்னு சொல்ல நான் யாரு?

பிஸ்கெட்டும் ஏதாவது செய்யுமா? கை குடுக்குமா? இல்ல இல்ல, இப்ப வேண்டாம்மா, காட்ட வேண்டாம். தூங்கட்டும்.

பெறவா? பெறவு ஒண்ணுமில்ல. படம் எடுத்து முடிஞ்சுது. தை போயி, மாசி போயி, பங்குனியில கோயில் கொடை வந்துச்சு.

என்ன கேட்டீங்க? படம் எடுத்த பெறவு பழக்கத்தை விட்டாச்சான்னா? அது... விட்டுருக்கலாம். ஆனா தெனமும் மிட்டாய் தின்ன ஆட்டுக்குத் திடீர்னு நிறுத்துனா ஏங்கிப்போயிரும்லா. அதனால ஒரு நாளைக்கு ஒரு தடவை. விளையாட்டுக்குத்தான். தர்ஷினி பள்ளிக்கூடம் போன பெறவு, நான் மட்டும் பின்வாசல்ல. தண்ணியில கொஞ்சம் மஞ்சப்பொடி போட்டுக்கிடுவேன், மஞ்சள் போட்டா உண்ணி அண்டாது. பிளாஸ்டிக் கப்பு தர்ஷினி எங்கயோ வச்சுட்டா, அதனால செம்புலதான் எடுப்பேன். பித்தளைச் செம்பு. வீட்டுல இருந்துச்சு.

அப்படிப் பார்க்காதீங்கம்மா. நான் யோசிச்சுச் செய்யல. தெரிஞ்சு செஞ்சேனான்னு கேட்டா, தெரியல. தெரியாமச் செஞ்சேனான்னு கேட்டா, அதுவும் வாயில வர மாட்டேங்குது.

இன்னொன்னு சொல்லாம விட்டுட்டேன். மூணு வருசம் கேட்டும் சாமி வாங்கலைன்னா, பெறவு அந்த ஆட்டைக் கேக்கக் கூடாது. கோயிலுக்குன்னு விட்டுறணும். எவனும் கை வைக்க முடியாது, சாகுற வரைக்கும் அது பாட்டுக்கு மேஞ்சுக்கிட்டுத் திரியும். இது மூணாவது வருசம். படத்தோட அந்தப் பழக்கமும் விட்டுப்போச்சுன்னு நெனைச்சு, தர்ஷினி நாள் எண்ணிக்கிட்டு இருந்தா. விட்டதும் கழுத்துல கட்டணும்னு ஒரு மணி வாங்கி, சிவப்புக் கயித்துல கோத்துப் பைக்குள்ள வச்சுக்கிட்டுத்தான் கோயிலுக்கு வந்தா.

மத்தியானக் கொடை. நல்ல வெயிலு. தாசில்தாருக்கு அரளி மாலை போட்டு நிறுத்தியாச்சு. வேலம்மா அக்கா என்னை மேலயும் கீழயும் பார்க்கா. சாமியாடி செம்பைக் கையில எடுத்தாரும்மா. பித்தளைச் செம்பு. உள்ள மஞ்சத்தண்ணி. அதைப் பார்த்த உடனே நெனைச்சேன், அய்யோ, இது சிலுப்பிருமேன்னு. அந்த நொடியில தெரிஞ்சுபோச்சு. பொய் சொல்லல, அப்ப தெரியும்.

சொல்லியிருக்கலாம். நிறுத்துங்க, நான் இதைப் பழக்கி வச்சிருக்கேன், இது சாமி உத்தரவு இல்ல, மிட்டாய் உத்தரவுன்னு சொல்லியிருக்கலாம். நேரம் இருந்துச்சு. ரெண்டு பேரு வந்து அது காதைப் பொத்துதாங்க, சாமியாடி மந்திரம் சொல்லுதாரு, கொட்டுக்காரங்க கொட்டை நிறுத்துதாங்க. அவ்வளவு நேரம் இருந்துச்சும்மா. நான் வாயைத் தொறக்கல. இந்தத் தடவையும் சிலுப்பலைன்னா என்ன சொல்லுவாங்கன்னு ஒரு பக்கம். புள்ளைக்கு ஏதும் ஆயிருமோன்னு ஒரு பக்கம். எல்லாம் சேர்ந்து நாக்கைப் பிடிச்சுக்கிடுச்சு.

தண்ணி முழுசா விழக்கூட இல்ல. சிலுப்புச்சு பாருங்க. தலையில இருந்து வால் வரைக்கும், காதைப் பிடிச்சிருந்த ரெண்டு பேரும் கையை விட்டுட்டாங்க. மாலை அத்துப் பூவெல்லாம் பறந்துச்சு. இப்படி ஒரு உத்தரவைப் பார்த்ததே இல்லன்னு ஊரே சொல்லிச்சு. பொம்பளைங்க குலவை போட்டாங்க.

சிலுப்பிட்டு அது என்னைத் தேடுச்சும்மா.

அவ்வளவு கூட்டத்துல என்னைத் தேடிக் கண்டுபிடிச்சுருச்சு. கயித்தை இழுத்துக்கிட்டு நேரா வந்து என் வலது கையில மூஞ்சியை வச்சு முட்டுது. என் விரலைப் பிரிக்கப் பார்க்குது. வேலம்மா அக்கா கையெடுத்துக் கும்பிட்டுட்டு அழுதா. "ஏ செல்லத்தாயி, பார்த்தியா, நேந்தவகிட்ட விடை கேக்க வந்திருக்குடி. உம்மேல ஒரு குறையும் இல்லடி"ன்னு என்னைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டா. சுத்தி நின்ன சனம் அத்தனையும் கும்பிடுது. எங்க வீட்டுக்காரரு கண்ணைத் தொடைக்காரு.

எனக்கு அந்த நேரத்துல மனசு குளிர்ந்துச்சும்மா. அதைத்தான் என்னால யாருகிட்டயும் சொல்ல முடியல. ரெண்டு வருசத்துக்குப் பெறவு என் மூஞ்சியை நேரா நிமித்தி நின்னேன். குளிர்ந்துச்சு.

என் இடுப்புச் சேலை முடிச்சுல ஒரு துண்டு மிட்டாய் இருந்துச்சு. தெனமும் முடிஞ்சு வச்சுப் பழகிருச்சுல்லா. கை நீட்டுனா எட்டுற தூரம். அது கேட்டுச்சு. சொன்னதைச் செஞ்சுட்டு, நியாயமாக் கேட்டுச்சு. குடுத்தா எல்லாருக்கும் தெரிஞ்சுபோயிரும். நான் கையை இறுக்கி மூடிக்கிட்டேன். கயித்தைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனாங்க. போகையிலயும் திரும்பித் திரும்பி என் கையைத்தான் பார்த்துச்சு.

சிலுப்பப் பழக்குனது கூடப் போகட்டும். வாயைத் தொறக்காததும் போகட்டும். அந்த ஒரு துண்டைக் குடுத்திருக்கலாம்லா.

தர்ஷினி அழுவா, கத்துவா, என்னைச் சும்மா விட மாட்டான்னு பார்த்தேன். பொங்கப்பானைக்குப் பின்னால உக்காந்திருந்தா. நான் போனதும் நிமிந்து பார்த்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "சிலுப்புச்சே, மிட்டாய் குடுத்தியாம்மா?"

குடுத்தேன்னு சொன்னேன்.

மறுநாள் காலையில துவைக்கிறதுக்குச் சேலையை எடுத்துக் குடுத்தது அவதான். முடிச்சுல எறும்பு மொய்ச்சிருக்கு. சரஞ்சரமா, செவரு வரைக்கும் வரிசை கட்டி ஊருது. அவ முடிச்சை அவுத்தா. மிட்டாயை எடுத்தா. ஒட்டியிருந்த எறும்பை ஒண்ணொண்ணா ஊதிவிட்டா. என்னைப் பார்க்கல. தோட்டத்துல ஆடு கட்டுற கம்புக்குக் கீழ கொண்டுபோயி வச்சா, அந்த மணியையும் பக்கத்துல வச்சா, பள்ளிக்கூடத்துக்குக் கெளம்பிப் போயிட்டா.

அம்புட்டுதான். சண்டை இல்ல. பேசுதா, சாப்பிடுதா, படிக்கா. ஸ்டுடியோப் படத்தை வாங்கியாரவான்னு கேட்டேன், வேண்டாம்னுட்டா. இப்ப எட்டு மாசம் ஆச்சு. வாய்ல கடலைமிட்டாய் வைக்க மாட்டா. பள்ளிக்கூடம் விட்டு வரையில அந்தக் கண்ணாடிப் பெட்டி இருக்குற தெரு வழியா வராம, மார்க்கெட்டைச் சுத்தி வாராளாம். கூடப் படிக்கிற பிள்ளை சொன்னா. அதான் படத்தைக் கழட்டச் சொல்லப் போறேன். இன்னைக்குச் சொல்லிருவேன். நீங்க கூட வாரீங்கள்லா, சொல்லிருவேன்.

இல்ல, போயி அந்தப் படத்தைப் பார்த்தா மறுபடி நின்னுருவேனோ என்னமோ. அது என்னைத்தானே பார்க்குது.

பாருங்க, உங்க பிஸ்கெட் முழிச்சுட்டான். மோப்பம் பிடிச்சுட்டான். ஆமாடா, பையில இருக்கு. நான் திங்கிறது இல்ல, ஆனா எங்க போனாலும் எடுத்துட்டுப் போறேன். ஒரு சின்னத் துண்டு குடுக்கலாமாம்மா? பல்லுல ஒட்டாம உடைச்சுத் தாரேன்.

இந்தா. இந்தாடா.

அய்யோ, எதுக்குடா கையைத் தூக்குத? வேண்டாம் ராசா. கையை எறக்கு. ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா தின்னு.